டப்பாவில் என்ன இருந்தது என்று எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ‘தண்ணீர்த் தொட்டிக்குள் விஷவாயு தாக்கி வாலிபர் பலி’ என்று அவ்வப்போது பேப்பரில் நாலு வரிச் செய்தி வருகிறது. இருபது வருடமாகப் பெயிண்டிங் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்பவன் நான். ஒரு சொட்டுச் சாக்கடைகூட இறங்காத புதுச் சம்பில், அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியில், அந்த விஷவாயு எங்கிருந்து வந்தது?

நாங்கள்தான் கொண்டுபோனோம், பெயிண்டை இளக்கும் தின்னர் டப்பாவில்.

ஆறு வருடத்துக்கு முன் என் வேலையிலேயே நடந்தது. ஒரு வீட்டுச் சம்பின் உள்சுவருக்குத் தின்னர் கலந்த எபாக்ஸி பெயிண்ட் அடிக்க வேண்டும். இரண்டடிக்கு இரண்டடி வாய். என்னிடம் வேலை பார்த்த இருபத்திரண்டு வயதுத் தம்பி ரோலரோடு இறங்கினான். அரை மணி நேரத்தில், “அண்ணே, தலை கிறுகிறுன்னு வருது” என்றான். “இந்தச் சுவத்த முடிச்சிட்டு மேல வா, டீ சொல்றேன்” என்றேன். நான் சொன்ன அந்த வார்த்தை இன்றும் என்னைத் தூங்க விடவில்லை. கொஞ்ச நேரம் காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தான். அப்புறம் ரோலர் சத்தம் நின்றுவிட்டது. தூக்க இறங்கிய அவன் மச்சானும் ஏணியடியிலேயே சரிந்தார். தீயணைப்பு வீரர்கள் முதுகில் காற்று சிலிண்டரோடு இறங்கி இருவரையும் மேலே கொண்டுவந்தார்கள். மச்சான் பிழைத்தார். தம்பி போய்விட்டான். மறுநாள் பேப்பரில் ‘விஷவாயு’ என்றுதான் இருந்தது.

தின்னரில் டொலுயீன், சைலீன் போன்ற கரைப்பான்கள் இருக்கின்றன. அவற்றின் ஆவி காற்றைவிட மூன்று மடங்குக்கு மேல் கனமானது. மேலே வராமல் தண்ணீர் மாதிரி குழியிலேயே தேங்கும். முதலில் குடித்தவன்போல் ஆக்கும். அளவு கூடினால் மூச்சையோ இதயத்தையோ நிறுத்திவிடும். முகத்தில் கட்டும் துண்டுக்கு ஆவி அடங்காது.

அமெரிக்காவிலும் இப்படித்தான். பழைய பூச்சை உரிக்கும் ரிமூவரில் இருந்த மெத்திலீன் குளோரைடு, வீடுகளில் குளியல் தொட்டியைப் புதுப்பிக்கப் போனவர்களைக் கொன்றது. 2010இல் மிச்சிகனில் ஒருவர் இறந்த பிறகு பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். 2000 முதல் 2011 வரை அந்த வேலையில் மட்டும் 13 பேர் இறந்திருந்தார்கள். எல்லா வேலைகளையும் சேர்த்தால் 1980 முதல் குறைந்தது 88 பேர் என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது. பொதுமக்களுக்கு அந்த ரிமூவரை விற்க 2019இல் தடை வந்தது. 2024இல் பெரும்பாலான தொழில்களுக்கும் தடை வந்தது. எந்த ரசாயனத்தால் செத்தார்கள் என்று பதிவில் இருந்ததால்தான் அவர்களால் எண்ண முடிந்தது. நம் ஊரில் ‘விஷவாயு’ என்று எழுதி முடித்துவிட்டால் யார் எண்ணுவது?

காற்றைச் சோதித்துச் சான்று தர வேண்டும், இல்லையென்றால் சுவாசக் கருவியும் கயிறு கட்டிய பெல்ட்டும் போட்டுத்தான் இப்படிப்பட்ட தொட்டிக்குள் ஆளை இறக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்திலேயே 36ஆம் பிரிவு இருந்தது. ஆனால் வீட்டுச் சம்ப் தொழிற்சாலை இல்லையே. அங்கே கேட்க யாரும் வருவதில்லை.

எனவே உங்கள் நிருபர்களிடம் ஒன்று சொல்லுங்கள். அடுத்த முறை என்ன தின்னர், டப்பாவில் தமிழில் எச்சரிக்கை இருந்ததா, உள்ளே காற்றடிக்கும் ப்ளோயர் ஓடியதா, மேலே கயிறு பிடித்து ஆள் நின்றாரா என்று கேட்டு எழுதட்டும். சம்ப் வைத்திருக்கும் வீட்டுக்காரர்கள் உங்கள் பேப்பரைப் படிக்கிறார்கள். ப்ளோயர் வாடகை எதற்கு என்று என்னிடம் பேரம் பேசுகிறவர்களும் அவர்கள்தான்.

இப்படிக்கு,
ஒரு பெயிண்டிங் கான்ட்ராக்டர்,
திருப்பூர்