கருவி மட்டும் போதாது, பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவில் கறுப்பின, ஹிஸ்பானிய மாணவர்கள் அதிகம் படிக்கும் பல்கலைக்கழகங்களில் மருத்துவ ஆராய்ச்சிக்காகப் பல ஆய்வுக்குழுக்கள் பகிர்ந்து பயன்படுத்தும் பொது ஆய்வுக்கூடங்கள் அமைவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இதைத் தமிழில் எழுதியதற்கே நன்றி சொல்ல வேண்டும். ஆனால் கட்டுரை முழுக்கக் கட்டடமும் கருவியும்தான் இருக்கின்றன, அந்தக் கூடத்தை நடத்துகிறவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அப்படியொரு பல்கலைக்கழகத்தில் ஃப்ளோ சைட்டோமீட்டரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சில வருடம் இருந்தவள் என்பதால் இதை எழுதாமல் விட மனசு வரவில்லை.

அந்தக் கருவி ரத்தத்தில் உள்ள செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன்னால் ஓடவிட்டு எண்ணும். காலையில் போனதும் லேசரைச் சூடேற வைத்து, அளவைச் சரிபார்க்க உதவும் நுண்ணிய பிளாஸ்டிக் மணிகளை ஓட்டி, நேற்றைய அளவும் இன்றைய அளவும் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகுதான் மாணவர்களை உள்ளே விடுவோம். முந்தைய நாள் யாராவது பிளீச் ஓட்டிக் கழுவாமல் போயிருந்தால் உள்ளே இருக்கும் மெல்லிய குழாய் அடைத்துக்கொள்ளும், அன்றைக்கு முன்பதிவு செய்திருந்த அத்தனை பேருடைய வேலையும் கெடும். வயிற்றெரிச்சலான விஷயம் என்னவென்றால், இதைக் கவனிக்கும் ஆளுக்கு நிரந்தரச் சம்பளம் கிடையாது. எங்கள் கூடத்தில் மானியம் முடிந்ததும் சர்வீஸ் கான்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை, அப்புறம் ஒரு லேசர் போனபோது மாற்றப் பணமில்லை, என் வேலையும் அதோடு போனது. யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பணமில்லை என்ற கதைதான்.

இது ஒரு இடத்துக் குறை இல்லை, பணம் வரும் வழியே அப்படி அமைந்திருக்கிறது. பெரிய கருவி வாங்க அமெரிக்க தேசிய சுகாதாரக் கழகமான என்.ஐ.எச். ‘எஸ்10’ என்ற மானியம் தருகிறது. அது கருவிக்கு மட்டும்தான், இயக்குபவரின் சம்பளத்துக்கோ சர்வீஸ் கான்ட்ராக்டுக்கோ அதில் இடமில்லை, அவற்றைப் பல்கலைக்கழகமே பார்த்துக்கொள்ள வேண்டும். அதில் முக்கியமான திட்டத்துக்கு விண்ணப்பிக்க, ஏற்கெனவே என்.ஐ.எச். பணத்தில் ஆராய்ச்சி செய்கிற மூன்று பேராவது அந்தக் கருவியைப் பயன்படுத்துகிறவர்களாக இருக்க வேண்டும். சரி, கருவி இல்லாத ஊரில் அந்த மூன்று பேர் எங்கிருந்து வருவார்கள்? முதற்கட்டத் தரவு காட்டாமல் என்.ஐ.எச். பணம் கிடைப்பது கஷ்டம், தரவு எடுக்கக் கருவி வேண்டும். இதற்கு மேல், கல்வி, அனுபவம், வெளியீடுகள் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் கறுப்பின விண்ணப்பதாரர்களுக்கு மானியம் கிடைக்கும் வாய்ப்பு வெள்ளையர்களைவிடச் சுமார் 10 சதவீதப் புள்ளி குறைவு என்று 2011-ல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு காட்டியது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை வகைப்படுத்தும் கார்னெகி பட்டியல் 2025 பிப்ரவரியில் வந்தபோது, கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கிய வரலாற்றுக் கறுப்பினக் கல்லூரிகள், பல்கலைக்கழகங்கள் என்று நூறுக்குக் குறையாமல் இருந்தும், ஆராய்ச்சியின் உச்சப் பிரிவான ஆர்1-ல் ஹோவர்ட் பல்கலைக்கழகம் ஒன்றுதான் இடம்பெற்றது.

இந்தச் சுற்றை உடைக்கத்தான் அமெரிக்க நாடாளுமன்றம் 1985-ல் சிறுபான்மையினர் கல்வி நிறுவனங்களில் ஆராய்ச்சி மையங்கள் அமைப்பதற்கான ஆர்.சி.எம்.ஐ. என்ற தனித் திட்டத்தை என்.ஐ.எச்.சில் உருவாக்கச் சொன்னது. கட்டுரையில் அதற்கு ஒரு பத்தியாவது கொடுத்திருக்கலாம். டெக்சாஸில் மெக்சிகோ எல்லையை ஒட்டியுள்ள எல் பாசோ பல்கலைக்கழகத்தில் மாணவர்களில் பெரும்பாலோர் ஹிஸ்பானியர். அங்கே எல்லைப்புற உயிர்மருத்துவ ஆராய்ச்சி மையம் எழுந்ததும் இந்தப் பணத்தில்தான். மரபணு ஆய்வு, செல் வளர்ப்பு, நுண்படம், புள்ளியியல் ஆலோசனை என்று பொதுக் கூடங்கள் வந்தன. அந்தப் பல்கலைக்கழகம் 2018 கார்னெகி பட்டியலில் ஆர்1 ஆனது. ஒரே திட்டத்தால் ஆனது என்று சொல்ல மாட்டேன், ஆனால் கருவியோடு ஆளுக்கும் பல வருடம் தொடர்ந்து பணம் வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அந்த இடத்தைக் காட்டலாம்.

இன்னும் பழைய உதாரணம் ஒன்று இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. போலியோ தடுப்பூசியைச் சோதிக்க ஏராளமான மனித செல்கள் தேவைப்பட்டபோது, 1953-லிருந்து 1955 வரை ஆய்வுக்கூடத்தில் தொடர்ந்து பெருகிக்கொண்டே இருக்கும் ஹீலா என்ற மனித செல்களைப் பெருமளவில் வளர்த்து நாடெங்கும் அனுப்பியது அலபாமாவில் உள்ள டஸ்கீகி என்ற கறுப்பினக் கல்வி நிறுவனம். ரஸ்ஸல் பிரவுனும் ஜேம்ஸ் ஹெண்டர்சனும் அதை நடத்தினார்கள். உச்சத்தில் வாரத்துக்கு 20,000 குழாய்கள்! செல் வளர்ப்பு எவ்வளவு படுத்தும் வேலை என்று தெரிந்தவர்களுக்கு இந்த எண்ணிக்கையின் கனம் புரியும். ஒரு குழாயில் கிருமி புகுந்தால் பக்கத்தில் இருப்பதெல்லாம் போச்சு. போலியோ அறக்கட்டளை பணம் கொடுத்தது, தொழில்நுட்பர்களுக்குப் பயிற்சி கொடுத்து வைத்துக்கொண்டார்கள், அதனால்தான் ஓடியது. டஸ்கீகி என்றால் 1932 முதல் 1972 வரை கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமல் அரசு சுகாதாரத் துறை நடத்திய சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய் ஆய்வுக் கொடுமைதான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது. அதை மறக்கவே கூடாது. அந்தக் கூடத்தில் உழைத்தவர்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இப்போது கவலை கூடியிருக்கிறது. மானியத்தோடு பல்கலைக்கழகத்துக்கு வரும் மறைமுகச் செலவுப் பணத்தை 15 சதவீதமாகக் குறைக்கப்போவதாக 2025 பிப்ரவரியில் என்.ஐ.எச். அறிவித்தது, நீதிமன்றம் அதைத் தடுத்தது. பணக்காரப் பல்கலைக்கழகங்களுக்குக் கையிருப்பு நிதி இருக்கிறது. மற்றவர்களுக்கு மின்சாரக் கட்டணமும் ஃப்ரீசர் பராமரிப்பும் பொதுக்கூடத்து ஆட்களின் சம்பளத்தில் ஒரு பங்கும் இந்தப் பணத்திலிருந்துதான் வர வேண்டும்.

இதன் தொடர்ச்சியாக ஒரு கட்டுரை போடுவீர்கள் என்றால், திறப்பு விழாப் படத்தோடு நிறுத்தாமல், ஐந்து வருடம் கழித்து அதே கூடங்களில் எத்தனை கருவி ஓடுகிறது, அவற்றை இயக்குபவர்களின் சம்பளம் யார் கணக்கில் இருக்கிறது என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். அங்கே பிஎச்.டி. சேர நினைக்கும் நம் பிள்ளைகளும் பேராசிரியரிடம் முதல் மின்னஞ்சலிலேயே இந்த இரண்டையும் கேட்கலாம்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
அட்லாண்டா