வேர்ச்சொல்லுக்கும் ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாணவர் பக்கத்தில் நாள்தோறும் ஓர் அரிய ஆங்கிலச் சொல் தருகிறீர்கள். போன வாரம் 'ஃபெரூஜினஸ்' வந்தது. பொருள் 'இரும்பு கலந்த' என்று போட்டிருந்தீர்கள். சரிதான், ஆனால் பாதிதான்.

லத்தீனில் 'ஃபெர்ரம்' என்றால் இரும்பு. வேதியியல் பாடத்தில் இரும்புக்கு 'எஃப்.இ.' என்ற குறியீடு வந்ததே இதிலிருந்துதான். இரும்பில் ஏறும் துருவுக்கு 'ஃபெர்ரூகோ' என்று பெயர். துருவின் நிறத்தையும் அதே சொல்லால் சொன்னார்கள். அதன் வழிவந்த பெயரடை 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது இரண்டு பொருளும் கூடவே வந்தன. குளிர்காலத்தில் இந்தியாவுக்கு வலசை வரும் ஒரு வாத்துக்கு 'ஃபெரூஜினஸ் டக்' என்று பெயர். 'இரும்பு கலந்த' என்று மட்டும் படித்த பிள்ளை இதை எப்படிப் புரிந்துகொள்ளும்? வாத்தின் தலையும் மார்பும் துருவைப் போன்ற செம்பழுப்பு. அதனால் வந்த பெயர்.

சேலத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு பொருளையும் ஒரே கல்லில் காட்டிவிடலாம். கஞ்சமலைப் பக்கம் கிடைக்கும் இரும்புத் தாதுக் கல்லில் காந்தத்தை வைத்தால் போய் ஒட்டிக்கொள்ளும். உள்ளே இருப்பது கறுப்பு நிற மேக்னடைட். அதே கல்லில் மழையும் வெயிலும் நெடுங்காலம் பட்ட பக்கம் காவியேறிக் கிடக்கும். தேய்த்தால் விரலெல்லாம் செம்பொடி.

அப்புறம் இன்னொன்று. செம்பில் ஏறும் பச்சைக்கு லத்தீனில் 'ஏருகோ' என்று தனிச்சொல் உண்டு. நாமும் இரும்புக்குத் துரு, செம்புக்குக் களிம்பு என்று பிரித்துத்தானே சொல்கிறோம்? சைவ சித்தாந்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்குச் 'செம்பில் களிம்பு' நன்றாகவே தெரியும். மருத்துவமனைகளில் தொற்று பரப்பும் 'சூடோமோனாஸ் ஏருஜினோசா' என்ற பாக்டீரியாவின் பெயரில் இருப்பதும் இதே களிம்புதான். அது சுரக்கும் நிறமி நீலப்பச்சை. நீட் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை இந்தப் பெயரை உருப்போடவே வேண்டாம், வேர் தெரிந்தால் தானாக நினைவில் நிற்கும்.

எனவே தமிழ்ப் பொருளுக்குக் கீழே வேர்ச்சொல்லுக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். இடம் போதாது என்றால் தினம் ஒரு சொல் வேண்டாம், வாரத்துக்கு இரண்டு போதும்.

— ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர், சூரமங்கலம், சேலம்