தரூத் மரங்களின் தகப்பன் கணக்கு

தாசிலி நஜ்ஜேர் பூங்கா நிர்வாகத்தினருக்கும், சகாரா சைப்ரஸை வளர்த்துவரும் தாவரவியல் தோட்டங்களின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

தமிழில் எழுதும் இந்த மடல் ஜானெட் ஊரிலுள்ள உங்கள் அலுவலகத்துக்கு வந்து சேரும் என்று நம்பும் அளவுக்கு நான் அப்பாவி அல்லன். ஆனாலும் மரம் வளர்ப்போர் எல்லோரும் கேட்க வேண்டிய செய்தி என்பதால் எழுதுகிறேன்.

அல்ஜீரியாவின் தென்கிழக்கு மூலையில், ஆண்டுக்கு 30 மில்லிமீட்டர் அளவுக்கே மழை பெய்யும் மணற்பாறை மேட்டில் நிற்கின்றன உங்கள் சகாரா சைப்ரஸ் மரங்கள். சகாராவில் வாழும் துவாரெக் மக்கள் தரூத் என்று அழைக்கும் இம்மரத்துக்கு 1926-இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் ஏமே கமுய் அறிவியல் பெயர் சூட்டினார். சகாரா பசுமையாக இருந்த காலத்தின் மிச்சம் இது. சில மரங்களின் வயது இரண்டாயிரம் ஆண்டுகளைத் தாண்டும் என்று மதிப்பிடுகிறார்கள். 2000-ஆம் ஆண்டை ஒட்டிய கணக்கெடுப்பில் உயிரோடு இருந்தவை 233. தானாக முளைத்து வளரும் கன்றுகளோ மிக அரிது. கூம்பைப் பிளந்தால் பெரும்பாலான விதைகள் உள்ளீடற்ற பதர்கள். தப்பி முளைப்பதையும் வறட்சியும் கால்நடைகளும் விட்டுவைப்பதில்லை.

இவ்வளவு குறைவாக மிஞ்சிய எந்த இனத்துக்கும் வனத்துறையினர் ஒரு விதியைச் சொல்வார்கள்: பல தாய்மரங்களிலிருந்து விதை எடுங்கள், அப்போது மரபு வளம் பல்வகையாக இருக்கும். நல்ல விதிதான். தரூத்துக்கு மட்டும் அது பொருந்தாது.

காரணம் 2001-இல் வெளியான ஓர் ஆய்வு. பிரான்ஸில் கிறிஸ்தியான் பிஷோவும் உடன் ஆய்வாளர்களும் கண்டது இது: இம்மரத்தின் விதைக்குள் இருக்கும் கருவில் தாய்மரத்தின் மரபணு இல்லை. மற்ற மரங்களின் மகரந்தத்தில், மரபணுக்களைத் தாங்கும் நிறமூர்த்தங்களில் (குரோமோசோம்கள்) பாதியே இருக்கும். இதன் மகரந்தத்திலோ முழுத் தொகுதியும் இருக்கிறது. அந்த மகரந்தமே கருவாக வளர்கிறது. தாய்மரம் இடமும் உணவும் கொடுப்பதோடு சரி. மத்தியதரைக்கடல் சைப்ரஸின் கூம்பில் தரூத்தின் மகரந்தம் விழுந்தபோதும் தரூத் கன்றுகளே கிடைத்தன. வாடகைத் தாய் என்றே அதைக் குறித்தார்கள். தாவர உலகில் இது மிக அரிது.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். பத்துத் தாய்மரங்களில் விதை பொறுக்கி, பத்துத் தட்டுகளில் விதைத்து, தட்டுக்கொரு சீட்டும் ஒட்டுகிறீர்கள். காற்று வந்த திசையில் மகரந்தம் செழித்த ஒரே மரம் நின்றிருந்தால், அந்தப் பத்துத் தட்டுகளுக்கும் தகப்பன் ஒன்றாகவே இருக்கலாம். சீட்டில் எழுதிய தாய்மரத்தின் பெயர் மரபுக் கணக்கில் எதற்கும் உதவாது. இன்னொரு பக்கமும் உண்டு. கிளை நிறையக் கூம்பு தாங்கி நிற்கும் மரம், நல்ல மகரந்தம் தராததாக இருந்தால், எத்தனை விதை கொடுத்தாலும் வாரிசில்லாமலே பட்டுப்போகும். இந்த இனத்தின் மகரந்தத்தில் கணிசமான பங்கு மலடு என்பதும் ஆய்வுகளில் தெரிந்ததே.

ஆகவே நாற்றங்காலில் எத்தனை ஆயிரம் கன்றுகள் என்ற கணக்கு எனக்கு நிம்மதி தரவில்லை. அந்த 233-இல் எத்தனை மரங்களின் வாரிசுகள் அங்கே இருக்கின்றன என்பதைச் சொல்லுங்கள். கன்றின் இலையை மரபணுச் சோதனைக்கு அனுப்பினால் தகப்பனைத் தேட வழி உண்டு. தோட்டங்களில் உள்ள பழைய மரங்களுக்கும் அதைச் செய்யலாம். விதை வழி வந்தவற்றைத் தாய்மரத்தின் பெயரில் பதிந்து வைத்திருந்தால் அந்தப் பதிவேடுகளைத் திருத்தியே ஆக வேண்டும். கொஞ்சம் சங்கடமான வேலைதான்.

அடுத்து, எஞ்சிய ஒவ்வொரு மரத்திலிருந்தும் குச்சி எடுத்து ஒட்டுக்கட்டி, குறைந்தது இரண்டு இடங்களில் வளர்க்க வேண்டும். மகரந்தம் தராத மரங்களுக்கு இதைவிட்டால் வேறு வழியில்லை. தாசிலி மேட்டிலுள்ள தம்ரித் பகுதியின் பாதையோரம் எளிதில் எட்டும் மரங்களோடு நின்றுவிடாமல், தனித்து நிற்பவற்றிலிருந்து தொடங்குங்கள். மகரந்தம் தரும் மரங்களுக்கு, தோட்டத்து மத்தியதரைக்கடல் சைப்ரஸின் கிளையில் பை கட்டி, எண்ணிட்ட ஒரு மரத்தின் மகரந்தத்தை மட்டும் தூவலாம். விதை குறைவாகவே கிடைக்கும். ஆனால் எந்த மரத்தின் பிள்ளை என்பது தெரிந்திருக்கும்.

வெட்டும் குச்சிகள் வாடும் முன் நாற்றங்காலுக்கு வந்து சேர வேண்டும். அந்தப் பாறை மேட்டில் வழி தெரிந்தவர்கள் துவாரெக் வழிகாட்டிகளே. அவர்களுக்கு முறையான சம்பளம் கொடுத்து முதல் நாளிலிருந்தே வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மர ஆர்வலர்