எக்ஸ்ரே ரூம் அண்ணனுக்கும் மற்ற எல்லாருக்கும்

குடல் ஓட்டையாகி ஆபரேஷன் ஆன அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். நேற்று அவராகவே இட்லி கேட்டுச் சாப்பிட்டார். விசாரித்த எல்லாருக்கும் தனித்தனியாகப் போன் பண்ண முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

108 வண்டிக்காரர்கள், ராத்திரியோடு ராத்திரியாக ஆபரேஷன் செய்த மதுரை பெரியாஸ்பத்திரி டாக்டர்கள், மயக்க டாக்டர், ரத்தம் கொடுத்த தெருப் பையன்கள், மூக்கு டியூபைப் பிடுங்கப் போன அப்பாவை அதட்டியே தேற்றிய சிஸ்டர்கள், எல்லாருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறோம்.

ஆனால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது எக்ஸ்ரே ரூம் அண்ணன்தான். வயிறு பலகை மாதிரி இறுகி, அப்பா சுருண்டு கிடந்தார். தொட விடவில்லை. "படுக்க வச்சு எடுத்தா ஒண்ணும் தெரியாதுய்யா. கொஞ்ச நேரம் நிமிந்து உக்காந்தாத்தான் உள்ள கசிஞ்ச காத்து மேல ஏறும்" என்று சொல்லி, பெஞ்சில் பக்கத்திலேயே உட்கார்ந்து தன் தோளில் அப்பாவைச் சாய்த்துக்கொண்டார். சட்டையெல்லாம் அப்பாவின் வாந்தி. முகம் சுளிக்கவே இல்லை. பிறகு ஈயக் கவசத்தை மாட்டிக்கொண்டு, அப்பாவைப் பிடித்து நிற்க வைத்துப் படம் எடுக்க விட்டார். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்துக்குக் கீழே பிறை போலக் கறுப்பாகக் காற்று. அதைப் பார்த்ததும் டாக்டர் வேறெதற்கும் காத்திருக்கவில்லை, தியேட்டருக்குச் சொல்லிவிட்டார்.

முன்சிறுகுடலில் ஓட்டை. வயிற்றுக்குள்ளேயே இருக்கும் கொழுப்புத் திரையை இழுத்து ஒட்டுப் போட்டு, சலைன் ஊற்றிக் கழுவியிருக்கிறார்கள். கனடாவின் ராஸ்கோ கிரஹாம் 1937-லேயே எழுதிவைத்த முறையாம், பி.ஜி. டாக்டர் தம்பி சொன்னார். மேலை நாடுகளில் பெருங்குடல்தான் அதிகம் ஓட்டையாகுமாம். நம் பக்கம் அல்சர், டைபாய்டு, டிபி. பக்கத்துக் கட்டில் பையனுக்கு டைபாய்டு முற்றிக் குடல் பொத்துக்கொண்டு, இப்போது மலம் வெளியேற வயிற்றில் மாட்டிய பையோடு இருக்கிறான். அவன் அம்மாதான் எனக்கும் சேர்த்து டீ வாங்கி வருவார்.

அப்பாவுக்கு வந்த வினை, முட்டிவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிய செட் மாத்திரை. வெறும் வயிற்றில், மாதக்கணக்கில், பீடியோடு. (பீடியை விட்டுவிட்டதாகச் சொல்கிறார். பார்ப்போம்.) இனி எங்கள் தெருவில் யாருக்கு முட்டி வலித்தாலும் ஓ.பி.க்கு நானே கூட்டிப்போவேன், இது சத்தியம்.

அடுத்த வாரம் ரிவ்யூ. எக்ஸ்ரே ரூம் அண்ணே, டூட்டி மாறியிருந்தாலும் தேடி வருவோம். உங்களுக்குப் புதுச் சட்டை எடுக்கணும் என்று அப்பா ஒரே பிடியாக நிற்கிறார், சைஸ் மட்டும் சொல்லிவிடுங்கள்.