பழம் பழுக்க வைக்கும் அறைகளில் எத்திலீன் வாயுவின் அளவைக் கருவி கொண்டு அளந்து பதிவு செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
வாழை விவசாயி மற்றும் சில்லறைப் பழ வியாபாரி,
விளவங்கோடு வட்டம்,
கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
நாகர்கோவில்.

பொருள்: வணிக முறையில் பழம் பழுக்க வைக்கும் அறைகளில் எத்திலீன் அளவைச் சோதிக்கக் கருவியும் நடைமுறையும் ஏற்படுத்தித் தரக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நம் மாவட்டத்தில் வாழை, மாம்பழம், பப்பாளி முதலியவற்றை மொத்தமாகப் பழுக்க வைக்கும் அறைகளில் எத்திலீன் வாயு எவ்வளவு நிற்கிறது என்பதைக் கருவி கொண்டு அளக்கவும், அந்த அளவை அறையிலேயே எழுதி வைக்கச் செய்யவும் தாங்கள் உத்தரவிட வேண்டுகிறேன். நான் வாழை பயிரிடுகிறவன். மார்த்தாண்டம் பக்கம் எங்கள் குடும்பத்துக்குச் சிறிய பழக்கடையும் உண்டு. குலையை வெட்டிக் கொடுப்பதும் நாங்கள்தான், பழுத்த பிறகு வாங்கி விற்பதும் நாங்கள்தான். இரண்டு பக்கமும் நின்று பார்த்ததைத்தான் இந்த மனுவில் எழுதியிருக்கிறேன்.

சட்டத்தில் குறை எதுவும் இல்லை. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் (விற்பனைத் தடை மற்றும் கட்டுப்பாடுகள்) ஒழுங்குமுறைகள், 2011-இன் 2.3.5-ஆம் பிரிவு, கார்பைட் வாயு எனப்படும் அசிட்டிலீனால் பழுக்க வைத்த பழங்களை விற்கக் கூடாது என்கிறது. அதற்கு மாற்றாக எத்திலீன் வாயுவை 100 பி.பி.எம். வரை, அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு வரை, பயிரையும் ரகத்தையும் முதிர்ச்சியையும் பொறுத்துப் பயன்படுத்தலாம் என்று அனுமதித்திருக்கிறார்கள். எத்திலீன் தரும் பொடியோ கரைசலோ பழத்தின் மேல் படக் கூடாது என்பதும் விதி. ஆனால் அந்த 100 என்ற எண்ணை யார் அளந்து பார்க்கிறார்கள்? நான் கண்ட சோதனைகளில் கார்பைட் கல் ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று தேடுவார்கள், பழத்தை முகர்ந்து பார்ப்பார்கள், தோலின் நிறத்தைப் பார்ப்பார்கள். வாயு அளக்கும் கருவி யார் கையிலும் இருந்ததில்லை. எங்கள் கடைத் தராசுக்கு ஆண்டுதோறும் தொழிலாளர் துறையில் முத்திரை வைத்தாக வேண்டும். கிலோவுக்குச் சில கிராம் குறைந்தாலும் அபராதம் உண்டு. பல டன் பழம் அடைத்து வைக்கும் அறைக்குள் என்ன அளவு வாயு இருக்கிறது என்பதற்கு அப்படி ஒரு முத்திரையும் கிடையாது.

எத்திலீன் விஷம் என்று பயம் கிளப்புவது என் நோக்கம் அல்ல, ஐயா. பழம் மரத்தில் பழுத்தாலும் அது தானே எத்திலீனை உண்டாக்கித்தான் பழுக்கிறது. கார்பைட் கதை வேறு. கடையில் கிடைக்கும் அந்தக் கல்லில் ஆர்சனிக்கும் பாஸ்பரஸும் கலந்திருக்கும். ஈரம் பட்டதும் அசிட்டிலீனோடு அவற்றின் நச்சு வாயுக்களும் வெளிவரும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, முறையாகப் பழுக்க வைத்த பழத்தையும் சேர்த்துக் குப்பையில் கொட்டும்போது நட்டம் விவசாயிக்கும் சில்லறைக் கடைக்காரனுக்கும்தான். "கல்லு வச்ச பழமா?" என்று கேட்டுவிட்டு வாங்காமல் போகும் வாடிக்கையாளரைத் தினமும் பார்க்கிறோம். இல்லை என்று சொல்ல எங்களிடம் வாய் வார்த்தை மட்டும்தான் இருக்கிறது. தாள் ஏதும் இல்லை.

அளவு ஏன் முக்கியம் என்று கொஞ்சம் விவரமாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரமுள்ள ஓர் அறையில் ஏறக்குறைய 28,300 லிட்டர் காற்று இருக்கும். அதில் 100 பி.பி.எம். ஆக வேண்டுமென்றால் மூன்று லிட்டருக்கும் குறைவான எத்திலீன் போதும். பழத்தை அடுக்கிய பிறகு காற்றுக்கு இடம் இன்னும் குறைவு என்பதால் அதைவிடவும் குறைத்தே விட வேண்டும். சிலிண்டரின் திருகை எவ்வளவு நேரம் திறந்து வைப்பது, பெட்டிக்கு எத்தனை பொட்டலம் போடுவது, எத்திலீன் தரும் எத்திபான் என்ற மருந்துக் கரைசலில் வாயு வெளிவர எவ்வளவு காரப்பொருள் சேர்ப்பது என்பதெல்லாம் பல இடங்களில் கைப்பழக்கத்தில்தான் நடக்கிறது. அவசரம் என்றால் இரண்டு மடங்கு போடுகிறார்கள். அதனால் பழம் இரண்டு மடங்கு வேகமாகப் பழுப்பதில்லை. தேவையான அளவு கிடைத்ததும் பழம் தன் வேலையைத் தொடங்கிவிடும், மிச்சமெல்லாம் வீண். அப்படியும் ஒழுங்காகப் பழுக்காவிட்டால் பெரும்பாலும் குற்றம் வெப்பத்தில் இருக்கும். மோரிஸ் போன்ற பச்சை வாழையை 24 டிகிரிக்கு மேல் பழுக்க வைத்தால் உள்ளே கூழாகிவிடும், தோல் மட்டும் பச்சையாகவே நிற்கும். தகரக் கூரைக் குடோனில் நம் ஊர் சித்திரை வெயிலுக்கு அந்த 24 டிகிரி எங்கே கிடைக்கும்? வெப்பத்தைக் குறைக்காமல் வாயுவைக் கூட்டுவதுதான் வழக்கமாகிவிட்டது.

ஒரு மீட்டர் வாங்கிக் கொடுத்தால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. தவறான கருவி வாங்கினால் பணமும் போய், எல்லாம் சரி என்ற பொய்ச் சான்றும் கையில் வந்துவிடும். எரிவாயுக் கசிவு பார்க்கும் சாதாரணக் கருவிகள், வாயு தீப்பிடிக்கும் அளவில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்றுதான் காட்டும். எத்திலீன் தீப்பிடிக்கத் தொடங்குவது காற்றில் 2.7 சதவீதத்தில், அதாவது 27,000 பி.பி.எம்.மில். 100 பி.பி.எம். என்பது அதில் அரை சதவீதம்கூட வராது. அந்தக் கருவி பூஜ்யம் என்றே காட்டும், அல்லது அதன் பிழை அளவுக்குள் கரைந்துவிடும். ஆகவே பி.பி.எம். அளவில் எத்திலீனைக் காட்டும் மின்வேதி உணரியோ, வாயு பட்டதும் நிறம் மாறும் கண்ணாடிக் குழாயோதான் வேண்டும். மின்வேதி உணரியை அளவு தெரிந்த வாயுவை வைத்து அவ்வப்போது சரிபார்த்தால்தான் அதன் எண்ணை நம்பலாம். அந்த உணரிக்கும் ஒரு குறை இருக்கிறது: கார்பன் மோனாக்சைடு, அசிட்டிலீன், அழுகிய பழத்திலிருந்து வரும் ஆல்கஹால் ஆவி ஆகியவற்றையும் அது எத்திலீன் என்றே கணக்கில் சேர்க்கும். வாசலில் லாரி இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு அளந்தால் வரும் எண்ணுக்கு மதிப்பில்லை. கார்பைட் வைத்திருக்கிறார்களா என்ற சந்தேகம் வந்தால், மாதிரிக் காற்றைப் பையில் பிடித்து ஆய்வகத்தில் வாயுப் பகுப்பாய்வுக் கருவியில் பார்த்தால்தான் எத்திலீனும் அசிட்டிலீனும் பிரிந்து தெரியும்.

எங்கே நின்று அளக்கிறோம் என்பதும் பெரிய விஷயம். கதவைத் திறந்து உள்ளே போய்க் கருவியை நீட்டினால், திறந்த உடனேயே வாயு வெளியேறத் தொடங்கிவிடும். உள்ளே 300 இருந்திருந்தாலும் கருவி 90 காட்டக்கூடும், குறிப்பேட்டில் விதிக்கு உட்பட்டது என்று எழுதியும் வைப்பார்கள். எனவே ஒவ்வோர் அறைச் சுவரிலும் மூடி போட்ட ஒரு சிறு குழாய் வைத்து, கதவைத் திறக்காமலே உள்காற்றை உறிஞ்சி அளக்க வேண்டும். குழாயின் உள்முனை பெட்டிகளுக்கு நடுவே இருக்க வேண்டும், வாயு வரும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. உள்விசிறி ஓடி வாயு எங்கும் பரவிய பிறகு ஒரு முறையும், காற்று மாற்றுவதற்கு முன் ஒரு முறையும் அளந்தால் அறையின் உண்மை நிலை தெரியும். இந்த அறைகளில் ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல் வைப்பார்கள். உணரியில் நீர்த்துளி படிந்தால் எண் தடுமாறும் என்பதால் நீர் பிடிக்கும் வடிகட்டி இல்லாத கருவியை வாங்க வேண்டாம்.

கூலி வேலை செய்கிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழம் பழுக்கும்போது கரியமில வாயுவை வெளியிடும். ஓணத்துக்கு ஏத்தன் (நேந்திரன்) குலைகள் களியக்காவிளை எல்லையைத் தாண்டிக் கேரளத்துக்குப் போகும் நாட்களில் அறைகளைத் திணறத் திணற நிரப்பி, கதவைத் திறக்காமல் வைப்பார்கள். கரியமில வாயு ஒரு சதவீதத்தைத் தாண்டினால் எத்திலீன் வேலை செய்வது மந்தமாகும், அது இன்னும் ஏறினால் உள்ளே நுழையும் ஆளுக்கும் மூச்சு முட்டும். எத்திலீன் அளக்கும் அதே குழாயில் கரியமில வாயுவையும் அளக்கலாம். சிலிண்டர் வைத்திருக்கும் இடங்களில் கசிவு அபாயமும் உண்டு. மேலே சொன்ன பத்தடி அறையில் சுமார் 760 லிட்டர் கசிந்து தேங்கினால் ஒரு மின்பொறி போதும். சிலிண்டரை அறைக்கு வெளியே வைக்கவும், உள்ளே பொறி பறக்காத சுவிட்சும் விளக்கும் போடவும், ஆள் நுழையுமுன் காற்றை மாற்றவும் கட்டாயப்படுத்த வேண்டும். புகைபிடித்தல் தடை என்ற பலகையைத் தமிழோடு இந்தியிலும் எழுத வேண்டும். மூட்டை தூக்குகிறவர்களில் வடமாநிலத்தவர் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

எங்கள் ரகங்களுக்காக ஒரு தனி வேண்டுகோள். கன்னியாகுமரி மட்டி வாழைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பிள்ளைக்கு முதன்முதலில் ஊட்டும் பழம் என்று வீடுதோறும் நம்பி வாங்குவது அதைத்தான். மட்டி, செந்துளுவன் (செவ்வாழை), ஏத்தன் எல்லாவற்றையும் ஒரே அறையில், ஒரே அளவு வாயுவில், ஒரே நாளில் பழுக்க வைக்கிறார்கள். செந்துளுவன் வெளியே நன்றாகச் சிவந்து உள்ளே கட்டையாக இருக்கும், மட்டி அதற்குள் காம்பு விட்டு உதிரும். ரகத்தைப் பொறுத்து என்று விதியே சொல்லும்போது, எங்கள் ரகங்களுக்கு எத்தனை பி.பி.எம்., எத்தனை மணி நேரம், எந்த வெப்பம் என்பதைத் திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தையும் பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தையும் கேட்டு, தமிழில் ஒரு பக்க அட்டையாக அச்சிட்டு அறைதோறும் ஒட்டச் செய்ய வேண்டும். குறியீடு வாங்கிய பழத்துக்கு இதுகூடச் செய்யாவிட்டால் அந்தக் குறியீட்டால் விவசாயிக்குப் பயனில்லை.

ஆகவே, உணவுப் பாதுகாப்புத் துறைக்குச் சரிபார்த்த எத்திலீன் மீட்டர்களும், அவற்றைச் சரிபார்க்க அளவு தெரிந்த வாயுவும் வாங்க நிதி ஒதுக்கித் தர வேண்டும். முதல் சுற்றில் நாகர்கோவில் அப்டா சந்தை, வடசேரி, தக்கலை, மார்த்தாண்டம் பகுதிகளின் அறைகளை அளந்து முடிவை வெளியிட்டால் போதும். அபராதம் வேண்டாம், அளவு மீறியவர்களுக்குத் திருத்திக்கொள்ள அவகாசம் கொடுங்கள். கார்பைட் வைத்தவர்களுக்கு மட்டும் எந்தச் சலுகையும் வேண்டாம். அடுத்ததாக, உரிமம் புதுப்பிக்கும்போது ஒவ்வொரு அறையின் குறிப்பேட்டையும் கேட்க வேண்டும். பழம் ஏற்றிய நேரம், வாயு விட்ட நேரம், மீட்டர் காட்டிய எண், வெப்பம், காற்று மாற்றிய நேரம் ஆகியவை அதில் இருந்தால் போதும். சில்லறை வியாபாரி கேட்டால் அந்தப் பக்கத்தின் நகலைக் கொடுக்க வேண்டும் என்பதையும் உத்தரவில் சேர்க்க வேண்டும். அந்தத் தாள்தான் எங்களுக்கு வேண்டியது.

சிறிய அறை வைத்திருப்பவர்கள் தனித்தனியாகக் கருவி வாங்க முடியாது என்பது எனக்குத் தெரியும். பலர் எங்களைப் போலவே கடன் வாங்கித் தொழில் செய்கிறவர்கள். சந்தைதோறும் பொதுவாக ஒரு கருவியை வைத்து, சிறு கட்டணத்துக்கு அளந்து கொடுக்கலாம். குளிர்பதன வசதியோடு முறையான அறை கட்டத் தோட்டக்கலைத் துறை மூலம் மானியம் உண்டு. பலருக்கு அந்த விவரமே எட்டவில்லை. துறை அலுவலர்கள் சந்தைக்கே வந்து விண்ணப்பம் வாங்கினால் தகரக் கொட்டகைகள் குறையும்.

வரும் ஓணத்துக்கு முன் முதல் சுற்று அளவீடாவது முடிய வேண்டும். அந்த நாட்களில்தான் அறைகளில் நெரிசலும் அவசரமும் அதிகம். அளக்க வரும் அலுவலர்களோடு வந்து எந்த ரகம் எந்தப் பக்குவத்தில் வெட்டியது என்று காட்ட நான் தயாராக இருக்கிறேன். மனுவின் மீது எடுக்கும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இடம்: மார்த்தாண்டம்
நாள்:

நகல்:
நியமன அலுவலர், உணவுப் பாதுகாப்புத் துறை, நாகர்கோவில்.
துணை இயக்குநர், தோட்டக்கலைத் துறை, நாகர்கோவில்.