ரெண்டாவது கார்னெட்

கண்ணா,

"புது ஸ்டுடியோவுல கூப்பிடுறாங்க, ஆனா வேலை கத்துக்குடுத்த சார விட்டுட்டு போனா நன்றி கெட்டவன் ஆயிடுவேன்மா"ன்னு நேத்து சொன்னல்ல, அதுக்கு போன்ல எனக்கு பதில் வரல, அதான் உக்காந்து எழுதுறேன். அமெரிக்க ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங் பாட்டு நம்ம வீட்ல ஓடாத ஞாயித்துக்கிழமை கிடையாது, ஆனா அவரு தன் குருவ விட்டு வந்த கதைய உனக்கு முழுசா சொன்னதே இல்ல.

நியூ ஆர்லியன்ஸ்ல 1901ல பொறந்த ஏழைப் பையன். 1912 கடைசி நாள் ராத்திரி தெருவுல துப்பாக்கி சுட்டான்னு பிடிச்சு சிறுவர் இல்லத்துல போட்டாங்க, அங்க தான் பேண்ட்ல சேர்ந்து கார்னெட், அதான் டிரம்பெட்டுக்கு தம்பி மாதிரி இருக்குற ஊதுற வாத்தியம், ஒழுங்கா கத்துக்கிட்டான். வெளிய வந்தப்புறம் அவனுக்கு எல்லாமே ஜோ ஆலிவர் தான், ஊரே கிங் ஆலிவர்னு கூப்பிட்ட கார்னெட் வாசிப்பாளர். இவன் அவர் வீட்டம்மாவுக்கு கடைக்கு போய் வருவான், அவரு இவனுக்கு சொல்லிக் குடுப்பாரு, தன்னோட பழைய கார்னெட்டையும் குடுத்தாரு. 1922ல சிகாகோவுல தன் பேண்டுக்கு வான்னு தந்தி அடிச்சதும் அவரு தான். ரெண்டாவது கார்னெட், அதான் இவன் வேலை. ஆலிவர் அந்த நிமிஷம் என்ன வாசிக்கப் போறாருன்னு புரிஞ்சு அதுக்கு இணையா கூடவே வாசிப்பானாம், பாக்க வந்த வித்வான்களே அசந்து போனாங்க.

1923ல ரெக்கார்டிங் போனாங்க பாரு, அத நெனச்சா எனக்கு இப்பவும் ஒரு மாதிரி ஆயிடும். அப்ப மைக்கே கிடையாது, பெரிய புனல் மாதிரி ஒண்ணு முன்னாடி எல்லாரும் நின்னு வாசிக்கணும், லூயி சத்தம் ஆலிவர முழுங்கிடுதுன்னு அவன தூரமா தள்ளி நிக்க வச்சாங்களாம். மூஞ்சி வாடி தனியா நின்னான்னு அந்த பேண்ட்ல பியானோ வாசிச்ச லில் ஹார்டின் பின்னாடி சொல்லியிருக்காங்க. இவன் என்கூட இருக்குற வரைக்கும் என்னைத் தாண்டிப் போக முடியாதுன்னு ஆலிவரே அவங்ககிட்ட சொன்னாராம். அவர நான் தப்பா நினைக்கல, தன் எடத்த காப்பாத்திக்க நினைக்காத மனுஷன் யாரு.

1924ல லில் அவன கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க, நீ முதல் ஆளா வாசிக்கணும்னு விடாம சொல்லி அவன வெளிய கொண்டு வந்தது அவங்க தான். ஜாஸ் பத்தி எழுதுறவங்க அந்தம்மாவுக்கு இன்னும் நிறைய மரியாதை குடுக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆதங்கம். அப்புறம் நியூயார்க்ல ஃப்ளெட்சர் ஹெண்டர்சன் பேண்ட், 1925ல இருந்து சிகாகோவுல ஹாட் ஃபைவ்னு சொந்த பேண்ட் வச்சு ரெக்கார்டிங். அதுக்கு முன்னாடி எல்லாரும் சேர்ந்து பின்னிப் பின்னி வாசிக்கிறது தான் நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ், ஒருத்தர் தனியா நின்னு மனசுல வர்றத கட்டி எழுப்புற சோலோவ ஜாஸோட நடு மையத்துக்கு கொண்டு வந்தது இவரு வாசிப்பு தான். பின்னாடி வந்த டிரம்பெட்காரங்க எல்லாருமே, டிஸ்ஸி கில்லெஸ்பி, மைல்ஸ் டேவிஸ் வரைக்கும், அவர் போட்ட ரோட்ல தான் நடந்தாங்க.

வெஸ்ட் எண்ட் ப்ளூஸ் இன்னிக்கு ராத்திரி கேளுடா. அது ஆலிவர் போட்ட மெட்டு, 1928 ஜூன் 11 அவரே ரெக்கார்ட் பண்ணாரு, அதே மாசம் 28ஆம் தேதி லூயி பண்ணாரு. ஆரம்பத்துல ஒரு பக்கவாத்தியமும் இல்லாம டிரம்பெட் மட்டும் ஒரு பத்துப் பன்னெண்டு செகண்ட் ஏறி இறங்கும் பாரு, நூறு வருஷம் ஆகப் போகுது, இன்னும் பசங்க அத வாசிச்சுப் பாத்து திணறுறாங்க. தள்ளி நிக்க வச்ச குருவோட மெட்ட எடுத்து அவ்வளவு பெரிசா வாசிச்சிருக்காரு, அத விட பெரிய நன்றி என்ன இருக்கு சொல்லு.

ஆலிவர் கடைசிக் காலம் கஷ்டம். ஈறு நோய்ல பல்லு போச்சு, வாசிக்க முடியல. சவான்னான்னு ஒரு ஊர்ல காய்கறி வித்துட்டு இருந்தவர லூயி 1937ல பாத்து கையில பணம் குடுத்தாரு, அன்னிக்கு ராத்திரி ஆலிவர் நல்லா டிரெஸ் பண்ணிக்கிட்டு லூயி கச்சேரிக்கு வந்து நின்னாராம். அடுத்த வருஷம் போயிட்டாரு. லூயி தான் சாகுற வரைக்கும் ஆலிவர பாப்பா ஜோன்னு தான் சொன்னாரு, யார் கேட்டாலும் எனக்கு கத்துக் குடுத்தது அவருன்னு தான் சொன்னாரு.

அதனால நீ போ. அந்த ஸ்டுடியோவுல உனக்கு தனியா மிக்ஸிங் குடுக்குறோம்னு சொல்றப்ப போகாம இருக்காத. சார்கிட்ட மெசேஜ்ல சொல்லாத, நேர்ல போய் சொல்லு, கொஞ்சம் கோவப்படுவாரு, பட்டுட்டுப் போகட்டும், அதுக்கப்புறமும் பொங்கல் தீபாவளிக்கு மறக்காம போய் பாரு. புது எடத்துல சேர்றதுக்கு முன்னாடி ஒரு வாரம் ஊருக்கு வர முடியுமான்னு அப்பா கேக்க சொன்னாரு, டிக்கெட் இப்பவே பாத்துடு.

அம்மா