கலவை மதுவில் நீரின் இடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய காக்டெய்ல் வகைகளை வீட்டிலேயே கைப்படக் கலக்கும் ஆர்வம் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். நெக்ரோனி, டைக்கிரி, மார்ட்டினி ஆகிய மூன்றுக்கும் மதுவின் அளவுகள் பிழையின்றித் தரப்பட்டிருந்தன. எந்த ஜின், எந்த ரம், எந்த வடிவக் கோப்பை என்பதெல்லாம் விரிவாகவே பேசப்பட்டிருந்தது. ஆனால் ஐஸைப் பற்றி மட்டும் ‘தேவையான அளவு’ என்று இரண்டு சொற்களோடு கட்டுரை நகர்ந்துவிட்டது. அவற்றை மட்டும் நம்பிக் கலக்கத் தொடங்குகிறவர், எவ்வளவு உயர்ந்த மதுவை வாங்கியிருந்தாலும், தொண்டையை எரிக்கும் ஒன்றையோ சாரமிழந்த ஒன்றையோ குடிக்க நேரிடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

காக்டெய்லில் சேரும் நீர் கலப்படமன்று. அது மூலப்பொருள்களில் ஒன்று. 1806-ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் நகரிலிருந்து வெளிவந்த செய்தித்தாள் ஒன்றுக்கு, காக்டெய்ல் என்றால் என்ன என்று வாசகர் ஒருவர் கேட்டு எழுதினார். அதற்கு மே 13 இதழில் ஆசிரியர் அளித்த விடை, ஏதேனும் ஒரு வடிமது, சர்க்கரை, நீர், பிட்டர்ஸ் எனப்படும் கசப்புச் சாறு ஆகிய நான்கையும் குறிப்பிடுகிறது. (வாசகர் கடிதங்களால் இப்படியும் நன்மை விளைந்திருக்கிறது.) ஐஸ் எளிதாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகு நீரைத் தனியே ஊற்றும் வழக்கம் குறைந்தது. நீர் அதனால் மறைந்துவிடவில்லை. உருகும் ஐஸின் வழியாக வரத் தொடங்கியது, அவ்வளவுதான்.

குளிர்ச்சி வேண்டும், நீர் வேண்டாம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இயற்பியல் அதற்கு இடம் தருவதில்லை. ஒரு கிராம் நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த ஒரு கலோரி போதும். ஒரு கிராம் ஐஸ் உருகுவதற்கோ ஏறத்தாழ 80 கலோரி வேண்டும். அந்த வெப்பத்தை ஐஸ் தன்னைச் சூழ்ந்த மதுவிலிருந்தே எடுத்துக்கொள்வதால், ஷேக்கர் எனப்படும் மூடியுள்ள குலுக்கும் குவளைக்குள் நிகழும் குளிர்ச்சியில் பெரும்பங்கு உருகுவதால்தான் உண்டாகிறது. ஆல்கஹால் கலந்த நீரின் உறைநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கிவிடுவதால், நன்றாகக் குலுக்கிய பானம் ஐஸின் வழக்கமான உருகுநிலையையும் தாண்டிக் குளிர்கிறது. ஐஸுக்கு மாற்றாக விற்கப்படும் கற்கள் ஏமாற்றம் தருவதற்கும் இதுவே காரணம்: அவை உருகுவதில்லை, ஆகவே போதிய அளவு குளிர்விப்பதும் இல்லை.

எந்தப் பானத்தைக் கிளற வேண்டும், எதைக் குலுக்க வேண்டும் என்ற பழைய விதியும் இதனோடு சேர்ந்ததே. மார்ட்டினி, நெக்ரோனி போல மது வகைகள் மட்டுமே சேரும் பானங்களை நீண்ட கரண்டியால் கிளறினால் தெளிவும் வழவழப்பும் கெடுவதில்லை. எலுமிச்சைச் சாறோ முட்டை வெண்கருவோ பாலேடோ சேரும்போது வேகமாகக் குலுக்கினால்தான் எல்லாம் ஒன்றாகி, நுண்ணிய காற்றுக் குமிழ்களும் சேர்கின்றன. செய்முறையைப் பொறுத்து, ஊற்றிய அளவில் கால் பங்கு முதல் பாதி வரை நீர் கூடும். குலுக்கும்போது அது அதிகம். டைக்கிரியை எடுத்துக்கொள்வோம்: 60 மில்லி ரம், 30 மில்லி எலுமிச்சைச் சாறு, 20 மில்லி சர்க்கரைப் பாகு. இவற்றை ஐஸ் இல்லாமல் கலந்து ஒரு வாய் பருகிப் பார்த்தால் புளிப்பும் இனிப்பும் முரட்டுத்தனமாக மோதுவது தெரியும். பன்னிரண்டு, பதினைந்து நொடிகள் குலுக்கியபின் பருகினால் அதே அளவுகள் அடங்கிப் பொருந்தியிருக்கும்.

ஐஸைக் குறைவாகப் போட்டால் நீர் குறையும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கட்டிகள் குறைவாக இருந்தால் அவை விரைவில் கரைந்து பானம் வெதுவெதுப்பாகவே நிற்கும். ஷேக்கரை நிரப்புவதே முறை. ஏற்கெனவே உருகத் தொடங்கிய கட்டிகளின் மேலுள்ள நீரை வடித்துவிட வேண்டும். கோப்பையிலேயே கிடக்கப்போகும் ஐஸ் ஒரே பெரிய கட்டியாக இருப்பது நல்லது, ஏனெனில் மதுவைத் தொடும் பரப்பு அதில் குறைவு. மார்ட்டினியை முன்கூட்டியே கலந்து ஃப்ரீசரில் வைப்பவர்கள் நீரையும் அளந்து ஊற்ற மறக்கக் கூடாது. ஏறத்தாழ கால் பங்கு நீர் சேராத மார்ட்டினி எவ்வளவு குளிர்ந்தாலும் எரிக்கவே செய்யும். மார்ட்டினியில் ஜின்னோடு சேரும் வெர்மூத், மூலிகை மணமூட்டிய ஒயின் வகை என்பதால், திறந்த புட்டியைக் குளிர்பெட்டியில் வைத்துச் சில வாரங்களுக்குள் தீர்த்துவிடுவது நலம்.

நீர் சேர்வதால் பானம் மென்மையாகிறதே ஒழிய, ஆல்கஹால் ஒரு துளியும் குறைவதில்லை என்பதைக் கட்டுரை எச்சரித்திருக்க வேண்டும். ஜின், கம்பாரி என்னும் கசப்பு மது, இனிப்பு வெர்மூத் ஒவ்வொன்றும் 30 மில்லி சேரும் நெக்ரோனியில், 60 மில்லி விஸ்கியில் உள்ள அளவுக்கே ஆல்கஹால் இருக்கிறது. நாவுக்கு இதமாக இருப்பதால் எளிய பானம் என்று எண்ணி அடுத்தடுத்து ஊற்றிக்கொள்பவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை. வாகனம் ஓட்ட வேண்டியவர் ஒன்றுகூட அருந்தக் கூடாது.

இனி இத்தகைய செய்முறைகளை வெளியிடும்போது, மதுவின் அளவுக்குப் பக்கத்தில் ஐஸின் அளவு, கட்டியின் பருமன், கிளறவோ குலுக்கவோ வேண்டிய நொடிகள் ஆகியவற்றையும் அச்சிட வேண்டுகிறேன். அலங்காரத்துக்கு ஒதுக்கிய இடத்தில் பாதியே இதற்குப் போதும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்